பல் போனபின் வந்த ஒலி: டிரம்பெட் கலைஞர் தோமாஷ் ஸ்டான்கோ

'பல் போனால் சொல் போச்சு' என்பது நம் ஊர்ப் பழமொழி. டிரம்பெட் ஊதுகிறவருக்குப் பல் போனால் பிழைப்பே போச்சு. போலந்தின் ஜாஸ் கலைஞர் தோமாஷ் ஸ்டான்கோவுக்கு 1990-களில், ஐம்பது வயதை ஒட்டிய காலத்தில், அதுதான் நேர்ந்தது. அதற்குள் அவர் முப்பது ஆண்டுகள் ஊதியிருந்தார். சொந்த நாட்டில் பெரிய பெயர். ஐரோப்பிய ஜாஸ் வட்டாரத்தில் மதிப்பு. வாத்தியத்தைப் பெட்டியில் வைத்து மூடியிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் இன்று ஸ்டான்கோ என்றதும் உலகெங்கும் ரசிகர்களின் காதில் எழும் அந்தக் கரகரப்பான, மூச்சுக் கலந்த, இருள் படிந்த நாதத்தைப் பெரும்பாலோர் அறிந்தது அதற்குப் பிந்தைய இசைத்தட்டுகளில்தான்.

இது எப்படி நடந்தது என்று புரிய, முதலில் அந்த வாத்தியத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

நாகஸ்வரத்துக்குச் சீவாளி இருக்கிறது. டிரம்பெட்டுக்கு உதடுதான் சீவாளி. நம் கோயில்களில் ஊதும் எக்காளமும் கொம்பும் இதே இனம். சிறு கிண்ணம் போன்ற மவுத்பீஸில் உதடுகளை வைத்து, மூடிய உதடுகளின் நடுவே காற்றைத் தள்ளினால் அவை வண்டுபோல ரீங்கரிக்கும். அந்த ரீங்காரத்தைத்தான் சுமார் ஒன்றரை மீட்டர் நீளமுள்ள பித்தளைக் குழாய் இசையாக்கித் தருகிறது. மூன்று வால்வுகளை எப்படி மாற்றி மாற்றி அழுத்தினாலும் குழாயின் நீளத்தை ஏழு விதமாகத்தான் மாற்ற முடியும். அந்த ஏழு நீளங்களிலிருந்து முப்பதுக்கும் மேற்பட்ட சுரங்களைப் பிரித்தெடுப்பது உதட்டின் இறுக்கமும் மூச்சின் வேகமும். மேல் சுரத்துக்குப் போகப் போக உதட்டின்மேல் உலோக விளிம்பின் அழுத்தம் கூடும். அந்த அழுத்தத்தைப் பின்னாலிருந்து தாங்குவது முன்பற்கள். ஒரு பல் சற்றே அசைந்தாலும் உதடு உட்காரும் இடம் மாறிவிடும். இருபது வருடப் பயிற்சி ஒரே நாளில் அந்நியமாகிவிடும். அமெரிக்க டிரம்பெட் கலைஞர் செட் பேக்கர் 1960-களில் தாக்கப்பட்டு, பின்னர் பற்களை இழந்து, பொய்ப்பல்லுடன் மீண்டும் மேடையேறப் பல ஆண்டுகள் பிடித்தன.

ஆகவே ஸ்டான்கோ திரும்ப வந்ததே பெரிய காரியம். ஆனால் பல் போனதால் மட்டும் அந்த ஒலி வந்துவிடவில்லை. குறைவாக ஊத வேண்டும், ஊதும் ஒவ்வொரு சுரத்துக்கும் எடை இருக்க வேண்டும் என்ற ருசி அவருக்குள் முப்பது ஆண்டுகளுக்கு முன்பே விதைக்கப்பட்டிருந்தது. விதைத்தவர் ஒரு மருத்துவர்.

ஸ்டான்கோ 1942 ஜூலை 11 அன்று, நாஜி ஆக்கிரமிப்பில் இருந்த ஷெஷூஃப் நகரில் பிறந்தார். சிறு வயதில் வயலினும் பியானோவும் கற்று, பிறகு டிரம்பெட்டுக்கு வந்தார். படித்ததும் வளர்ந்ததும் கிராக்கோவில். போருக்குப் பின் வந்த ஸ்டாலினிய ஆண்டுகளில் போலந்து அதிகாரிகளுக்கு ஜாஸ் ஆகாது. அமெரிக்கச் சீரழிவு என்பது முத்திரை. வானொலியில் இடமில்லை, பொதுமேடையில் இடமில்லை. நண்பர்கள் வீட்டில் கூடி வாசித்தார்கள். பழங்காலக் கிறிஸ்தவர்கள் பதுங்கியிருந்த நிலவறைகளை நினைத்து, போலந்துக்காரர்கள் அதை ஜாஸின் நிலவறைக் காலம் என்கிறார்கள். 1953-இல் ஸ்டாலின் இறந்தார். 1956-இல் அரசியல் இறுக்கம் தளர்ந்தது, அதே ஆண்டில் சோபோட் கடற்கரை நகரில் ஜாஸ் விழா நடந்தது. 1958-இல் வார்சாவில் ஜாஸ் ஜாம்போரி விழா தொடங்கியது.

அப்போது இரவு வானொலிதான் பள்ளிக்கூடம். அமெரிக்க அரசின் வானொலியான வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவில் வில்லிஸ் கானோவர் நிதானமான ஆங்கிலத்தில் நடத்திய ஜாஸ் நிகழ்ச்சியைக் கிழக்கு ஐரோப்பா முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள். 1958-இல் அமெரிக்க வெளியுறவுத் துறை ஜாஸ் பியானோ கலைஞர் டேவ் புரூபெக்கின் குழுவைப் போலந்துக்கு அனுப்பியது. பதினைந்து வயது ஸ்டான்கோ நேரில் கேட்ட முதல் ஜாஸ் கச்சேரி அதுதான். (அதே நெடும்பயணத்தில் புரூபெக் குழு சென்னைக்கும் வந்து வாசித்தது.) அமெரிக்காவுக்கு அது பனிப்போரின் பிரசாரம். கிராக்கோவின் ஒரு பையனுக்கு அது சுதந்திரத்தின் ஓசை. அனுப்பியவரின் கணக்கு எதுவாக இருந்தாலும் கேட்டவன் எடுத்துக்கொண்டது வேறு. ஸ்டான்கோ கடைசிவரை ஜாஸைச் சுதந்திரத்தோடு சேர்த்தே பேசினார்.

இந்த இடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கம்யூனிச ஆட்சியில் கவிதைக்கும் நாடகத்துக்கும் சினிமாவுக்கும் தணிக்கை உண்டு. வார்த்தை இல்லாத இசையில் எதை வெட்டுவது? 1960-களின் நடுவில் அரசு நிறுவனமே 'போலிஷ் ஜாஸ்' என்ற வரிசையில் இசைத்தட்டுகளை வெளியிடத் தொடங்கியது. பயிற்சி பெற்ற கலைஞர்கள் இருந்தார்கள், மேடை இருந்தது, மாணவர் மன்றங்கள் இருந்தன, சந்தையின் நெருக்குதல் குறைவாக இருந்தது. மேற்கிலிருந்து பார்த்தவர்களுக்கு வியப்பாக இருந்த அந்தத் துணிச்சலான இசைக்கு இந்த விசித்திரமான சூழலும் ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன்.

1962-இல், இருபது வயதில், பியானோ கலைஞர் ஆதம் மகோவிச்சுடன் சேர்ந்து 'ஜாஸ் டேரிங்ஸ்' என்ற குழுவை ஸ்டான்கோ தொடங்கினார். ஐரோப்பாவில் கட்டற்ற ஜாஸைத் தொட்ட முதல் குழுக்களில் அது ஒன்று. கட்டற்ற ஜாஸ் என்றால் என்ன? வழக்கமான ஜாஸில் ஒரு மெட்டு இருக்கும், அதன் அடியில் சுரக்கூட்டுகளின் சுழற்சி ஒன்று திரும்பத் திரும்ப வரும். அந்தச் சுழற்சிக்குள் நின்று கலைஞர் தன் கற்பனையை விரிப்பார். தாள ஆவர்த்தனத்துக்குள் கற்பனாஸ்வரம் பாடுவதை நினைத்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் சாக்ஸபோன் கலைஞர் ஆர்னெட் கோல்மன் 1950-களின் கடைசியில் அந்தச் சுரக்கூட்டுச் சுழற்சியைத் தூக்கிப் போட்டார். மெட்டும் உணர்ச்சியும் போகிற போக்கில் இசை போகட்டும் என்றார். அந்த ஒலியை இரும்புத்திரைக்குக் கிழக்கே, கம்யூனிச நாட்டிலிருந்த இளைஞர்கள் உடனே பிடித்துக்கொண்டார்கள்.

பிறகு கொமேடா வந்தார். கிஷிஸ்டோஃப் கொமேடா, இயற்பெயர் திரிசின்ஸ்கி, காது மூக்கு தொண்டை மருத்துவர். ஜாஸ் வாசிப்பது மருத்துவமனை வட்டாரத்தில் தெரியக்கூடாது என்று எடுத்துக்கொண்ட மேடைப்பெயர்தான் கொமேடா. ரோமன் போலன்ஸ்கியின் தொடக்ககாலப் படங்களுக்கு இசையமைத்தவர். 'ரோஸ்மேரிஸ் பேபி' படத்தில் வரும் அந்தக் கிலியூட்டும் தாலாட்டு அவருடையது. 1963 முதல் 1967 வரை ஸ்டான்கோ அவர் குழுவில் வாசித்தார். கொமேடா மிகக் குறைவாகப் பேசுகிறவர் என்று பின்னாளில் ஸ்டான்கோ பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். இப்படி ஊது, அப்படி ஊது என்ற உபதேசமே கிடையாது. பியானோவில் அவர் விடும் இடைவெளியைக் கேட்டுத்தான் கற்க வேண்டும்.

1965 டிசம்பரில் வார்சா ஃபில்ஹார்மனிக் அரங்கில் இந்தக் குழு பதிவுசெய்த 'ஆஸ்டிக்மாட்டிக்', ஐரோப்பிய ஜாஸ் அமெரிக்காவின் நகல் அல்ல என்று காட்டிய இசைத்தட்டுகளில் முதன்மையானது. மூன்றே உருப்படிகள். தலைப்பு உருப்படி ஒன்றே தட்டின் ஒரு பக்கத்தை நிறைத்துவிடும், இருபது நிமிடத்துக்கு மேல். சாக்ஸபோனில் ஸ்பிக்னியெவ் நமிஸ்வோவ்ஸ்கி, பாஸில் ஜெர்மானியரான குண்டர் லென்ஸ், டிரம்ஸில் சுவீடனின் ரூனெ கார்ல்சன். இதில் புளூஸின் சாயல் குறைவு. ஸ்லாவிய ஏக்கமும் சினிமாவுக்கு இசையமைக்கிறவரின் காட்சிக் கண்ணும் அதிகம். இருபத்துமூன்று வயது ஸ்டான்கோ அதில் கொதிக்கிறார்: மேல் சுரங்களுக்குத் தாவுகிறார், சுரத்தை வேண்டுமென்றே கீறுகிறார், பாதியில் வழுக்கி இறங்குகிறார். அடியில் கொமேடாவின் பியானோ அசையாமல் நிற்கிறது.

1968-இன் இறுதியில் லாஸ் ஏஞ்சல்ஸில் கீழே விழுந்து தலையில் அடிபட்ட கொமேடா, நினைவு திரும்பாத நிலையில் வார்சாவுக்குக் கொண்டுவரப்பட்டார். 1969 ஏப்ரல் 23 அன்று இறந்தார். நான்கு நாள் கழித்திருந்தால் 38 வயது. ஸ்டான்கோ தன் முதல் இசைத்தட்டுக்கு வைத்த பெயர் 'மியூசிக் ஃபார் கே'. அந்த 'கே' கொமேடாதான். அதில் சாக்ஸபோன் வாசித்த ஸ்பிக்னியெவ் ஸைஃபர்ட்டும் 1979-இல், முப்பத்திரண்டு வயதில், புற்றுநோயால் போனார். ஸ்டான்கோவின் இசையில் ஏன் இவ்வளவு சோகம் என்று கேட்கிறவர்கள் உண்டு. இந்த இரண்டு சாவுகளை மட்டும் காரணமாகக் காட்டினால் அது அவரைச் சிறுமைப்படுத்துவதாகும். ஆனால் இவற்றைச் சொல்லாமல் விடவும் முடியாது.

1970-கள் அவருக்கு ஊர் சுற்றும் காலம். பெர்லினை மையமாகக் கொண்ட குளோப் யூனிட்டி இசைக்குழுவில் வாசித்தார். 1971-இல் ஜெர்மனியின் டோனாவெஷிங்கன் விழாவில் அமெரிக்க டிரம்பெட் கலைஞர் டான் செர்ரியும் போலந்து இசையமைப்பாளர் பெண்டெரெட்ஸ்கியும் சேர்ந்து நடத்திய நிகழ்ச்சியிலும் இருந்தார். ஃபின்லாந்தின் டிரம்ஸ் கலைஞர் எட்வர்ட் வெசாலாவோடு நெருங்கிய கூட்டு அமைந்தது. அந்தக் கூட்டில் பிறந்ததுதான் மியூனிக்கின் இசிஎம் இசைத்தட்டு நிறுவனத்துக்காக 1975 டிசம்பரில் பதிவான 'பல்லாதீனா'. இசிஎம் அதிபர் மான்ஃப்ரெட் ஐஷருக்கு ஒலியில் இடைவெளி மீது தீராத மோகம். கொமேடாவிடம் பயின்ற ஒருவருக்கு அதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. ஆனால் தன் தலைமையில் அடுத்த இசிஎம் தட்டை ஸ்டான்கோ பதிவுசெய்ய 1994 வரை ஆயிற்று. கிட்டத்தட்ட பத்தொன்பது ஆண்டுகள்.

அந்த இடைவெளியில் அவர் செய்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது நம் நாட்டில் பதிவானது. தாஜ் மகாலிலும் மகாராஷ்டிரத்தின் கார்லா குகையிலும் தனியாக நின்று ஊதினார். 1980-இல் அது இசைத்தட்டாக வந்தது. கார்லா, மும்பையிலிருந்து புனே போகும் வழியில் லோனாவ்லாவுக்குப் பக்கத்தில், சுமார் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் பௌத்தர்கள் மலையைக் குடைந்து செய்த இடம். அதன் பெரிய சைத்திய (பௌத்த வழிபாட்டு) மண்டபத்துக்கு நிகராக நாட்டில் வேறு குடைவரைச் சைத்தியம் கிடையாது. இருபுறமும் தூண்வரிசை, கோடியில் ஸ்தூபம், கூரையில் மர விட்டங்கள் வளைந்து வளைந்து போகின்றன. அந்த மரம் இன்னும் அங்கே இருக்கிறது.

பாஸ் கிடையாது, டிரம்ஸ் கிடையாது, பியானோ கிடையாது. இப்படிப்பட்ட கல்மண்டபத்தில் ஒரு சுரத்தை ஊதி உதட்டை எடுத்தாலும் சுரம் போகாது. சுவரில் பட்டுச் சுற்றிக்கொண்டே இருக்கும். அடுத்த சுரம் அதன்மேல் வந்து விழும். வேகமாக ஊதினால் எல்லாம் ஒன்றாகிக் கூழாகிவிடும். முந்தைய சுரம் எப்போது கரைகிறது என்று கேட்டுக் காத்திருந்து ஊதினால், தன் ஒலிக்குத் தானே சுருதி பிடிப்பது போலாகும். பத்தாண்டுகளுக்கும் மேலாகக் கட்டற்ற ஜாஸில் பாய்ந்து திரிந்த ஒருவரைக் கட்டிடமே காத்திருக்க வைத்தது. கொமேடா வாயால் சொல்லாத பாடத்தைக் கார்லாவின் பாறை இன்னொரு முறை சொல்லிக்கொடுத்தது என்று எனக்குத் தோன்றும்.

1981 டிசம்பரில் போலந்தில் ராணுவச் சட்டம் வந்தது. அந்தப் பத்தாண்டில் ஸ்டான்கோ மின்னணு வாத்தியங்களோடு 'ஃப்ரீலெக்ட்ரானிக்' என்ற குழுவை நடத்தினார்; 1984-இல் மிலானில் அமெரிக்கப் பியானோ கலைஞர் செசில் டெய்லரின் பெரிய இசைக்குழுவோடு பதிவுசெய்தார். குடியும் போதைப்பொருளும் அவரைப் பிடித்திருந்த காலம் நீண்டது. 2010-இல் வந்த தன்வரலாற்று உரையாடல் நூலில் அதை அவர் ஒளிக்காமல் பேசினார், பிற்காலத்தில் விட்டொழித்தார்.

இனி பல்லுக்கு வருவோம்.

புதிய பற்கள் பொருத்தப்பட்டதும் அவர் நேரே மேடைக்குப் போய்விடவில்லை. தேர்ந்த பல் மருத்துவர் ஒருவர் உதவினார். மற்றதெல்லாம் பயிற்சி. அதுவும் நீண்ட கார்வைகள்: ஒரே சுரத்தை மெதுவாகத் தொடங்கி, மூச்சு முடியும்வரை ஆடாமல் அசையாமல் பிடித்து, விட்டு, மறுபடி பிடிப்பது. விடியற்காலையில் அகார சாதகம் செய்தவர்களுக்கு இது எத்தனை அலுப்பான வேலை என்று தெரியும். மனோதர்மத்துக்கு அதில் இடமில்லை, கேட்க ஆளில்லை. ஸ்டான்கோவே அதைச் சலிப்பூட்டும் வேலை என்றுதான் சொன்னார். ஆனாலும் மணிக்கணக்கில் செய்தார். உதட்டின் தசை மெல்ல மெல்லப் புதிய இடத்தில் வலுப்பெற்றது.

பொய்ப்பல்லின்மேல் உதட்டை ஊன்றி ஊதும்போது மேல் சுரங்களுக்கு முரட்டுத்தனமாகப் பாய்வது எளிதல்ல. நடு, கீழ் சுரங்களில் நின்று பேச வேண்டியிருக்கிறது. சுரத்தின் ஓரத்தில் காற்று கசிகிறது. வேறொருவர் அதைக் குறையாக எண்ணி மறைத்திருப்பார். ஸ்டான்கோ அந்தக் கசிவையே குரலாக்கினார். சுரம் பிறப்பதற்கு முன்னால் மூச்சு கேட்கும். முடிந்த பின்னும் மூச்சு கேட்கும். வயதான ஒருவர் தாழ்ந்த குரலில் பேசும்போது அறை தானாக அமைதியாவது போன்ற விளைவு அது. இளமையிலேயே அவருக்குக் கீறலான ஒலி பிடிக்கும். அப்போது அது சேட்டை. இப்போது அதில் வாழ்க்கை ஏறியிருந்தது.

1994 மே மாதம் ஆஸ்லோவின் ரெயின்போ ஒலிப்பதிவுக்கூடத்தில், சுவீடனின் பியானோ கலைஞர் போபோ ஸ்டென்சன், பாஸ் கலைஞர் ஆண்டர்ஸ் யோர்மின், இங்கிலாந்தின் டிரம்ஸ் கலைஞர் டோனி ஆக்ஸ்லி ஆகியோருடன் 'மாத்கா யோவன்னா' பதிவானது. அடுத்து 1996-இல் 'லியோஷா'. 1997-இல் முழுக்க முழுக்கக் கொமேடாவின் இசைக்கு அர்ப்பணித்த 'லித்தானியா'. குரு இறந்து இருபத்தெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

அதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. கொஷாலின் நகரிலிருந்து பள்ளிப்பருவத்திலேயே சேர்ந்து வாசித்துக்கொண்டிருந்த பையன்கள் மூவர்: பியானோவில் மார்ச்சின் வசிலெவ்ஸ்கி, பாஸில் ஸ்வாவோமிர் குர்கியெவிச், பின்னர் சேர்ந்த டிரம்ஸ் கலைஞர் மிஹாவ் மிஷ்கியெவிச். பதின்ம வயதைக் கடக்காத அவர்களை 1990-களின் முதல் பாதியில் ஸ்டான்கோ தன்னோடு சேர்த்துக்கொண்டார். உலகின் மிகச் சிறந்த வாத்தியக்காரர்களோடு ஆஸ்லோவில் பதிவுசெய்துகொண்டே, போலந்தில் இந்தப் பையன்களோடு மேடையேறினார். அவர்களை ஒலிப்பதிவுக்கு அழைத்துப் போக ஏழெட்டு ஆண்டுகள் பொறுத்தார். 2001-இல் பதிவாகி 2002-இல் வெளிவந்த 'சோல் ஆஃப் திங்ஸ்' அந்தப் பொறுமையின் விளைச்சல். அதிலுள்ள பதின்மூன்று உருப்படிகளுக்கும் தனித்தனிப் பெயர் கிடையாது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்கள்தாம். ஒரே மனநிலையைப் பதின்மூன்று பக்கமிருந்து பார்ப்பது போன்ற தொடர். அவ்வாண்டே ஐரோப்பிய ஜாஸ் விருதும் கிடைத்தது. 'சஸ்பெண்டட் நைட்', 'லோன்டானோ' என்று அந்த நால்வர் குழு மேலும் இரண்டு தட்டுகளைத் தந்தது. அறுபதை நெருங்கியபோதுதான் அமெரிக்கா அவரை முழுமையாகக் கண்டுகொண்டது.

ஒருவர் இளைஞர்களை எப்படி வளர்க்கிறார் என்பதில் அவர் தன் ஆசிரியரிடம் என்ன கற்றார் என்பது தெரிந்துவிடும். கொமேடா செய்ததைத்தான் ஸ்டான்கோ செய்தார்: நல்ல கைகளைத் தேடிப் பிடித்து, பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதிகம் பேசாமல் வாசிப்பது. அந்த மூவர் இன்று தம் சொந்தப் பெயரில் ஐரோப்பாவின் முன்னணிக் குழுக்களில் ஒன்று.

பிற்காலத்தில் ஸ்டான்கோ நியூயார்க்கிலும் வீடு வைத்துக்கொண்டார். 2009-இல் வந்த 'டார்க் ஐஸ்' தட்டில் உள்ள ஓர் உருப்படி 'ஹோம்லேண்ட்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் ஒலித்து, ஜாஸே கேட்காதவர்களையும் அவரைத் தேட வைத்தது. அதே ஆண்டு கிராக்கோவில் நோபல் பரிசு பெற்ற கவிஞர் விஸ்லவா சிம்போர்ஸ்கா தன் புதிய கவிதைகளை வாசிக்க, ஸ்டான்கோ டிரம்பெட்டில் துணைநின்றார். 2012 பிப்ரவரியில் கவிஞர் மறைந்தார். ஸ்டான்கோ நியூயார்க் குழுவோடு பதிவுசெய்து 2013-இல் வெளியிட்ட இரட்டைத் தட்டின் பெயர் 'விஸ்லவா'. பியானோவில் கியூபாவின் டேவிட் விரேயெஸ், டிரம்ஸில் ஜெரால்ட் கிளீவர். அரைநூற்றாண்டுக்கு முன் வானொலியில் கேட்டு ஏங்கிய நகரத்தின் கலைஞர்கள், போலந்துக் கவிஞருக்கு எழுதிய இரங்கல் இசையை அவர் தலைமையில் வாசித்தார்கள். 2017-இல் 'டிசம்பர் அவென்யூ' வந்தது. 2018 ஜூலை 29 அன்று, நுரையீரல் புற்றுநோயால், வார்சாவில் ஸ்டான்கோ இறந்தார். வயது 76.

அவரை இதுவரை கேட்டிராதவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். கொமேடாவின் 'ஸ்வான்டெடிக்' என்ற உருப்படியை அவர் இரண்டு முறை பதிவுசெய்திருக்கிறார்: ஒன்று 1965-இன் 'ஆஸ்டிக்மாட்டிக்' தட்டில், இன்னொன்று 1997-இன் 'லித்தானியா' தட்டில் முதல் உருப்படியாக. மெட்டு ஒன்றே. ஊதுகிறவர் ஒருவரே. முதலில் பழையதைக் கேளுங்கள். சொந்தப் பல்லோடு, இருபத்துமூன்று வயதில், எதிரே கொமேடா பியானோவில் இருக்க ஊதியது. பிறகு விளக்கைக் குறைத்துவிட்டு மற்றதைக் கேளுங்கள். டிரம்பெட் நுழையும் இடத்தில், சுரத்துக்கு ஒரு நொடி முன்னால், காற்று வருவது கேட்கும்.